கைக்குத் தெரிந்த இடம்

2011 ஏப்ரலில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தின் 11.04 பதிப்பு வெளிவந்தபோது, அதை நிறுவிய பலருக்குத் தங்கள் திரையே அந்நியமாகிப்போனது. செயலிகளைத் திறக்கும் ஐகான்கள் எல்லாம் திரையின் இடது ஓரத்தில், மேலிருந்து கீழாக, ஒரே பட்டையில் அடுக்கப்பட்டிருந்தன. யூனிட்டி என்று பெயரிட்ட அந்தப் புதிய முகப்பில் பட்டையைக் கீழே இறக்கவும் வழியில்லை, வலப்பக்கம் தள்ளவும் வழியில்லை. நகர்த்தும் வசதி வேண்டும் என்று பயனர்கள் கேட்டார்கள். பட்டை எப்போதும் மேல் இடது மூலையிலுள்ள உபுண்டு பொத்தானுக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்பதுதான் வடிவமைப்பு, ஆகவே அந்த வசதி வராது என்று உபுண்டுவின் நிறுவனர் மார்க் ஷட்டில்வொர்த் பதில் சொல்லிவிட்டார். பட்டையைக் கீழ் விளிம்புக்கு மாற்றும் வசதி 2016 ஏப்ரலில், 16.04 பதிப்பில்தான் கிடைத்தது. அதை எழுதிக் கொடுத்தவர்கள் சீனப் பயனர்களுக்காக இயங்கும் உபுண்டு கைலின் குழுவினர்.

ஒரு பட்டையை இடம் மாற்றும் உரிமைக்கு ஐந்து ஆண்டுகள். கணினியை எப்போதாவது தொடுபவருக்கு இது ரசனைச் சண்டையாகத் தெரியலாம். நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து பிழைப்பவருக்கு அந்தப் பட்டை, கை ஓயாமல் போய்வரும் இடம். அது எங்கே இருக்க வேண்டும், அதில் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்குப் பின்னால் முக்கால் நூற்றாண்டு உளவியல் ஆராய்ச்சி இருக்கிறது. அதில் முக்கியமான இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரே மனிதருடையவை. அவர் அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ். ஒன்றைக் கணினி வடிவமைப்பாளர்கள் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். மற்றொன்றைப் பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். என் கணிப்பில், மறக்கப்பட்டதுதான் இந்தப் பட்டைக்கு அதிகம் பொருந்துகிறது.

இடது ஓரத்தைத் தேர்ந்ததற்கு யூனிட்டிக்காரர்களிடம் நல்ல காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். யூனிட்டி முதலில் 2010இல் நெட்புக் எனப்பட்ட குட்டி மடிக்கணினிகளுக்காகப் பிறந்தது. அவற்றின் திரை பெரும்பாலும் 1024 பிக்சல் அகலமும் 600 பிக்சல் உயரமும் கொண்டது. அகலம் தாராளம், உயரம் பஞ்சம். பிறகு பரவலான 1366க்கு 768 திரையில் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 48 பிக்சல் ஐகானுக்குச் சுற்றிலும் இடம் விட்டால் பட்டை ஏறத்தாழ 64 பிக்சல் தடிமன் ஆகும். அதைக் கீழே கிடத்தினால் உயரத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போய்விடும். பக்கவாட்டில் நிறுத்தினால் அகலத்தில் இருபத்தொன்றில் ஒரு பங்குதான் போகும். கட்டுரையோ கணக்குத்தாளோ எதைப் படித்தாலும் நாம் மேலிருந்து கீழாகத்தான் நகர்கிறோம் என்பதால், இழக்கக் கூடாதது உயரம். தமிழில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். மேலே ஏறும் இகர, ஈகாரக் குறிகளுக்கும் கீழே இறங்கும் உகரச் சுழிகளுக்கும் இடம் விட வேண்டியிருப்பதால் தமிழ் வரிகள் அதிக உயரம் கேட்பவை. சிறிய திரையில் பட்டையை ஓரத்தில் நிறுத்துவதே நல்லது என்று தயங்காமல் சொல்வேன்.

இனி ஃபிட்ஸின் புகழ்பெற்ற விதி. ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1954இல் அவர் ஒரு சோதனையின் முடிவுகளை வெளியிட்டார். மேசைமேல் இரண்டு உலோகத் தகடுகள், கையில் ஓர் உலோகக் கோல். இரண்டு தகடுகளையும் மாறி மாறி, குறி தப்பாமல், முடிந்தவரை வேகமாகத் தட்ட வேண்டும். தகட்டின் அகலம் கால் அங்குலத்திலிருந்து 2 அங்குலம் வரை நான்கு அளவுகளில் மாறியது. தகடுகளுக்கு இடையிலான தூரம் 2 அங்குலத்திலிருந்து 16 அங்குலம் வரை நான்கு அளவுகளில் மாறியது. ஆக 16 விதச் சேர்க்கைகள். கை எடுத்துக்கொண்ட நேரத்தைத் தூரம் மட்டுமோ அகலம் மட்டுமோ தீர்மானிக்கவில்லை, இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் தீர்மானித்தது. தூரத்தை இரட்டிப்பாக்கி அகலத்தையும் இரட்டிப்பாக்கினால் நேரம் ஏறத்தாழ மாறவில்லை. அந்த விகிதம் ஒவ்வொரு முறை இரட்டிக்கும்போதும் நேரம் ஒரே அளவாக, ஒரு படி, கூடியது.

1978இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்ட்டோவில் இருந்த ஸெராக்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ஸ்டூவர்ட் கார்ட், வில்லியம் இங்கிலீஷ், பெட்டி பர் ஆகிய மூவரும் மவுஸை இதே விதியால் அளந்து பார்த்தார்கள். விதி அப்படியே பொருந்தியது. மவுஸின் வேகத்துக்கு எல்லை போடுவது கருவி அல்ல, கண்ணும் கையும் சேர்ந்து இயங்கும் வேகமே என்றும் தெரிந்தது. அன்றிலிருந்து திரையில் ஒரு பொத்தானை எங்கே வைக்கலாம் என்ற கேள்விக்கு ஃபிட்ஸின் விதிதான் முதல் அளவுகோல்.

ஐகான்களை எவ்வளவு பெரிதாக்கலாம் என்பதற்கு இந்த விதி ஒரு கணக்கு தருகிறது. 48 பிக்சல் ஐகானை 96 ஆக்கினால் ஒரு படி மிச்சம். இன்னொரு படி வேண்டுமென்றால் 192 ஆக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் விலை இரட்டிப்பாகிறது. அதற்குள் பட்டை திரையைத் தின்றுவிடும். சின்னஞ்சிறு ஐகானை நடுத்தரமாக்குவதில் லாபம் உண்டு. நடுத்தரத்தைப் பூதாகரமாக்குவதில் அவ்வளவு இல்லை.

விளிம்பின் மகிமையும் இதே விதியிலிருந்து வருவதுதான். மவுஸின் அம்புக்குறி திரையின் விளிம்பைத் தாண்டிப் போகாது, எவ்வளவு வேகமாக வீசினாலும் அங்கே முட்டி நின்றுவிடும். விளிம்பை ஒட்டிய ஐகானை நோக்கிப் போகும்போது அந்தத் திசையில் குறி தப்பவே முடியாது. அதன் அகலம் 48 பிக்சல் என்றாலும் கைக்கு அது முடிவில்லாத அகலம். மேலும் கீழும் சரியாக இருக்கிறோமா என்பதை மட்டும் கவனித்தால் போதும். மூலையில் அந்தக் கவனிப்பும் தேவையில்லை. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95 தன் ஸ்டார்ட் பொத்தானை மூலைக்குக் கொண்டுவந்தது அருமையான யோசனை. ஆனால் பொத்தானுக்கும் மூலைக்கும் நடுவே ஓரிரு பிக்சல் இடைவெளி விட்டுவிட்டார்கள். மூலையில் போய் முட்டிக் கிளிக் செய்தால் பொத்தான் திறக்காது. முடிவில்லாத அகலம் கொண்டிருக்க வேண்டிய ஒன்று, அந்த இழையளவு இடைவெளியால் சாதாரணப் பொத்தானாகிவிட்டது. பின்வந்த பதிப்புகளில் இதைத் திருத்தினார்கள்.

இரண்டு திரைகளைப் பக்கம் பக்கமாக வைத்து வேலை செய்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திரைகள் சந்திக்கும் கோட்டில் அம்புக்குறியை நிறுத்தும் சுவர் கிடையாது, அது நழுவி அடுத்த திரைக்குப் போய்விடும். பட்டையை அந்த நடுக்கோட்டில் வைத்தால் விளிம்பின் பலன் முழுவதும் போயிற்று. வெளி விளிம்பில்தான் வைக்க வேண்டும்.

ஆப்பிளின் டாக் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இன்று நாம் காணும் பட்டைகள் பலவற்றுக்கு அது மூதாதை. அதற்கும் மூத்தவை உண்டு. ஏகார்ன் கணினிகளின் ஐகான் பட்டை 1987இலேயே வந்துவிட்டது. ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கணினியில் 1989இல் திரையின் வலது ஓரத்தில் ஒரு டாக் நின்றது. ஆப்பிள் நெக்ஸ்ட் நிறுவனத்தை வாங்கிய பிறகு, 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் எக்ஸுடன் அது திரையின் அடிக்கு வந்தது. அம்புக்குறி நெருங்கியதும் ஐகான்கள் ஊதிப் பெரிதாவது அதன் தனிக் கவர்ச்சி. பெரிதானால் குறிவைப்பது எளிதாகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். டொரன்டோ பல்கலைக்கழகத்தின் மைக்கேல் மகஃபினும் ரவின் பாலகிருஷ்ணனும் 2002இல் இதைச் சோதித்தார்கள். கை பத்தில் ஒன்பது பங்கு தூரத்தைக் கடந்த பிறகு இலக்கு பெரிதானாலும் கைக்கு அந்தப் பலன் கிடைக்கிறது என்று கண்டார்கள். ஆனால் அந்த இலக்கு தன் இடத்திலேயே நின்று விரிந்தது. டாக்கில் ஒன்று விரியும்போது பக்கத்து ஐகான்கள் விலகுகின்றன. அம்புக்குறி நகர நகர ஐகான்களும் எதிர்ப்பக்கம் வழுக்குகின்றன. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறதே தவிர, கை நகர வேண்டிய அளவு ஏறத்தாழ பழையபடிதான். ஊதும் விளைவை நிறுத்திவிட்டு, ஐகானின் நிலையான அளவைச் சற்றுக் கூட்டி வைப்பதே மேல்.

இந்த வழுக்கல்தான் ஃபிட்ஸின் மறக்கப்பட்ட ஆய்வுக்கு நம்மைக் கொண்டுபோகிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஃபிட்ஸ் ஓஹாயோவின் ரைட் ஃபீல்டு விமானத்தளத்தில் அமெரிக்க விமானப் படைக்காக வேலை செய்தார். 1947இல் அவரும் ரிச்சர்ட் ஜோன்ஸும் சேர்ந்து, விமானியின் பிழை என்று கருதப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்து அறிக்கை தந்தார்கள். அவற்றில் ஏறத்தாழ பாதி, ஒரு பிடி என்று நினைத்து வேறொரு பிடியை இழுத்ததால் வந்தவை. இறக்கை மடலை இயக்க நினைத்தவர் சக்கரத்தை மடக்கிவிட்டார். எஞ்சினின் விசை, விசிறி, எரிபொருள் கலவை ஆகியவற்றுக்கான மூன்று பிடிகள் அடுத்தடுத்து இருந்தன. அவற்றின் வரிசை பி-25 விமானத்தில் ஒருவிதம், சி-47 விமானத்தில் வேறுவிதம். ஒன்றில் பழகியவர் மற்றொன்றில் ஏறி, நெருக்கடியான கணத்தில், பழகிய இடத்தில் கையை வைத்தார். அங்கே வேறு பிடி இருந்தது. அந்த மனிதர்களைத் திட்டுவதில் பயனில்லை, பிடிகளை எல்லா விமானங்களிலும் ஒரே இடத்தில் வையுங்கள் என்று ஃபிட்ஸும் ஜோன்ஸும் சொன்னார்கள். மனிதப் பிழை என்று சொல்லி மூடிவிடும் வழக்கத்துக்கு எதிராக எழுதப்பட்ட மிக நேர்மையான அறிக்கைகளில் ஒன்றாக அதை மதிக்கிறேன்.

கை எதைக் கற்கிறது? பொருளின் உருவத்தைவிட அது இருக்கும் இடத்தைத்தான் அது அழுத்தமாகப் பதித்துக்கொள்கிறது. ஈய எழுத்துகள் இருந்த காலத்து அச்சகங்களில் அச்சுக்கோப்பவர் முன்னால் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட எழுத்துப்பெட்டி சாய்ந்து நிற்கும். அவர் கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கை தானாகப் போய் ணகரத்தை எடுத்துவரும். ஒரே ஒரு நாள் இரவில் யாராவது அறைகளை மாற்றி அடுக்கியிருந்தால், அந்தத் திறமை முழுவதும் மறுநாள் காலையில் அவருக்கு எதிராகவே வேலை செய்திருக்கும்.

திரையிலும் இப்படித்தான். 2007இல் ஆண்டி காக்பர்ன், கார்ல் கட்வின், சால் கிரீன்பெர்க் ஆகியோர் பட்டியல்களில் மனிதர் எப்படித் தேர்வு செய்கிறார் என்பதற்கு ஒரு கணித மாதிரி தந்தார்கள். புதிதாக வருபவர் ஒவ்வொன்றாகப் பார்த்துத் தேடுகிறார், உருப்படிகள் இரட்டித்தால் நேரமும் இரட்டிக்கிறது. இடங்கள் மனத்தில் பதிந்தவர் தேடுவதே இல்லை, முடிவெடுக்கிறார். அவருக்கு உருப்படிகள் இரட்டித்தாலும் நேரம் ஒரு சிறு படிதான் கூடுகிறது. தேடுபவர் முடிவெடுப்பவராக மாற ஒரு நிபந்தனை உண்டு: பொருள்கள் இடம் மாறாமல் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனையை மீறும் பட்டைகள்தான் இன்று நாகரிகமாகிவிட்டன. 2021இல் வந்த விண்டோஸ் 11 தன் டாஸ்க்பார் ஐகான்களை நடுவில் குவித்தது. பட்டையில் இல்லாத ஒரு செயலியைத் திறந்தால், புதிய ஐகானுக்கு இடம் விட எல்லாம் சற்று இடப்பக்கம் நகர்கின்றன, ஸ்டார்ட் பொத்தானும் சேர்ந்து நகர்கிறது. மூடினால் மறுபடி வலப்பக்கம். ஆப்பிளின் டாக்கும் நடுவில் நிற்பதால் அதே கதை. போதாததற்கு, அண்மையில் திறந்த செயலிகள் என்று ஒரு பகுதி டாக்கில் தானாக முளைக்கிறது. உபுண்டுவில் பட்டை விளிம்பிலிருந்து விளிம்புவரை நீண்டிருக்கும்வரை இந்தத் தொல்லை இல்லை. விருப்பச் செயலிகள் மேலிருந்து தொடங்கி அசையாமல் நிற்கும், புதிதாகத் திறப்பவை அவற்றுக்குக் கீழே சேரும். அமைப்புகளில் அந்த நீளும் தன்மையை அணைத்துவிட்டால் பட்டை சுருங்கி நடுவுக்கு வந்துவிடும், பார்க்க அழகாக இருக்கும், ஐகான்கள் இடம் பெயரத் தொடங்கும்.

விண்டோஸ் 11இல் தனிப்பயனாக்கம் என்ற பிரிவில் டாஸ்க்பார் அமைப்புக்குப் போய் இடது சீரமைப்பைத் தேர்ந்தெடுக்கலாம். மேக்கில் அண்மைச் செயலிகளைக் காட்டுவதை நிறுத்தலாம். உபுண்டுவில் பட்டையை நீளமாகவே விடலாம். மூன்றும் அரை நிமிட வேலை. பட்டையைத் தனக்கேற்ப மாற்ற நினைப்பவர் நிறம், ஒளிபுகும் தன்மை, ஐகான் தோற்றம் என்று தொடங்காமல், எதுவும் நகராதபடி செய்வதிலிருந்து தொடங்கட்டும்.

அடிக்கடி பயன்படுத்துவதை முன்னால் கொண்டுவரும் வேலையைக் கணினியே செய்தால் என்ன? இதையும் சோதித்திருக்கிறார்கள். 2004இல் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லியா ஃபிண்ட்லேட்டரும் ஜொவானா மெக்ரெனரும் மூன்று வகைப் பட்டியல்களை ஒப்பிட்டார்கள்: மாறாதது, தானாக மாறுவது, பயனரே மாற்றிக்கொள்வது. தானாக மாறுவதைவிட மாறாதது வேகமாக இருந்தது. பயனரே அடுக்கியது, சில சூழல்களில், மாறாததற்கு ஈடாக நின்றது. பெரும்பாலோர் விரும்பியதும் அதைத்தான். மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் 2000 தன் மெனுக்களில் பயன்படாதவற்றைத் தானாக மறைத்து வைத்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு இந்த முடிவு வியப்பளிக்காது.

அப்படியானால் ஒருமுறை கவனமாக அடுக்க வேண்டும், பிறகு கை வைக்கக் கூடாது. அடுக்கும்போது முதலில் நீக்குங்கள். கணினி வாங்கும்போது பட்டையில் அமர்ந்திருப்பவற்றில் பாதியை நீங்கள் திறப்பதே இல்லை. பட்டையிலிருந்து எடுப்பதால் செயலி அழிந்துவிடாது, தேடினால் கிடைக்கும். ஒன்பது மிச்சமிருந்தால் போதும். ஒன்பது என்பதற்குக் காரணம் உண்டு. விண்டோஸ் 7 முதலான பதிப்புகளிலும் இன்றைய உபுண்டுவிலும், விண்டோஸ் சின்னம் பொறித்த விசையை அழுத்தியபடி 1 முதல் 9 வரை ஏதாவது எண்ணைத் தட்டினால் பட்டையில் அந்த வரிசையிலுள்ள செயலி திறக்கும், ஏற்கெனவே திறந்திருந்தால் முன்னால் வரும். பட்டையின் வரிசை அப்படியே விசைப்பலகையின் வரிசையாகிறது. 1 முதல் 4 வரை இடது கை விரல்களுக்கு எட்டும், அந்த விசையும் இடப்பக்கம்தான். ஆகவே முதல் நான்கு இடங்களில் பகல் முழுதும் மாறி மாறிப் போகும் செயலிகளை வையுங்கள். மவுஸை எடுக்கவே வேண்டியிருக்காது.

பட்டையைத் தானாக மறையவிடலாமா என்று பலரும் கேட்பதுண்டு. சிறிய திரையில் சரி, பெரிய திரையில் வேண்டாம் என்பேன். மறைந்த பட்டையில் ஐகான்களைக் கடைக்கண்ணால் பார்த்து இடத்தைப் பதித்துக்கொள்ளும் வாய்ப்பு குறைகிறது. ஒவ்வொரு முறையும் அது வெளிவரும்வரை காத்திருக்கவும் வேண்டியிருக்கிறது.

உபுண்டுவில் இன்னும் ஆழமாகப் போக விரும்புபவர்களுக்கு ஒரு நல்ல செய்தி. பட்டையிலுள்ள ஒவ்வொரு ஐகானுக்குப் பின்னாலும் இருப்பது ஒரு சிறிய உரைக்கோப்பு, அவ்வளவுதான். எந்த உரைத் திருத்தியிலும் அதைத் திறந்து படிக்கலாம். பெயர் ஒரு வரி, இயக்க வேண்டிய கட்டளை ஒரு வரி, ஐகான் படம் ஒரு வரி, தேடுசொற்கள் ஒரு வரி. வலது கிளிக் செய்தால் வரும் துணைக் கட்டளைகளையும் இதிலேயே சேர்க்கலாம். முழு அமைப்புக்கான கோப்புகள் ஒரு பொதுக் கோப்புறையில் இருக்கும். அதிலிருந்து ஒன்றைப் பிரதியெடுத்து உங்கள் சொந்தக் கோப்புறையில் அதே பெயரில் வைத்தால், உங்களுடையதையே கணினி ஏற்கும். ஃப்ரீடெஸ்க்டாப் என்ற கூட்டமைப்பு வகுத்த விதி இது, லினக்ஸின் பெரும்பாலான முகப்புகள் இதைப் பின்பற்றுகின்றன.

பெயர் வரியை எத்தனை மொழிகளிலும் எழுதலாம் என்பது இதில் எனக்கு மிகவும் பிடித்தது. தமிழுக்குரிய ஈரெழுத்துக் குறியைச் சதுர அடைப்புக்குள் இட்டு ஒரு வரி சேர்த்தால், கணினியின் மொழி தமிழாக இருக்கும்போது அந்தப் பெயரே தெரியும். பல செயலிகளின் கோப்புகளில் தன்னார்வலர்கள் எழுதிய தமிழ்ப் பெயர்கள் ஏற்கெனவே இருக்கின்றன. இல்லாதவற்றுக்கு வீட்டிலுள்ள பெரியவர் புரிந்துகொள்ளும் பெயரை நீங்களே எழுதி வைக்கலாம்.

சொந்தமாக ஒரு கோப்பை எழுதும்போது ஒரு சிக்கல் வரும். ஐகானை அழுத்தினால் செயலி திறக்கும், ஆனால் அதன் சாளரம் பட்டையின் கீழே வேறொரு ஐகானாகத் தனியே நிற்கும். சாளரம் தன்னை என்ன பெயரால் அறிவிக்கிறது என்பது கோப்புக்குத் தெரியாததே காரணம். அந்தப் பெயரைக் குறிப்பிடவும் ஒரு வரி உண்டு. அதைச் சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

மென்பொருளைத் தமக்கேற்ப மாற்றியமைக்க மனிதர்களைத் தூண்டுவது எது என்று வெண்டி மக்கே மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஆராய்ந்து 1991இல் எழுதினார். மென்பொருளின் புதிய பதிப்பு வந்ததும் அதைப் பழையபடி நடந்துகொள்ளச் செய்வதற்காகவே பலர் அமைப்புகளைத் திறந்தார்கள். 2011இல் உபுண்டு பயனர்கள் கேட்டதும் அதுதான், விண்டோஸ் 11 வந்தபோது பட்டையை இடப்பக்கம் தள்ளியவர்கள் செய்ததும் அதுதான். பழமைப் பிடிவாதம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. கற்ற கை தான் கற்றதைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது.

அதற்கு உதவ வழி உண்டு. உபுண்டுவில் விருப்பச் செயலிகளின் வரிசை, கோப்புப் பெயர்களின் ஒரே பட்டியலாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பட்டியலையும் உங்கள் சொந்தக் கோப்புறையையும் பிரதியெடுத்துக்கொண்டு, அதே செயலிகளைப் புதிய கணினியில் நிறுவினால் பட்டை அப்படியே எழுந்து நிற்கும். அலுவலகத்தில் விண்டோஸ், வீட்டில் உபுண்டு என்று இரண்டில் வேலை செய்பவர் இரண்டு பட்டைகளையும் ஒரே வரிசையில் அடுக்கலாம்: முதலில் கோப்புகள், இரண்டாவது உலாவி, மூன்றாவது அஞ்சல், நான்காவது எழுதும் செயலி. அப்போது விண்டோஸ் சின்னம் பொறித்த விசையோடு 2 என்ற எண்ணை அழுத்தினால் எந்தக் கணினியிலும் உலாவிதான் திறக்கும். பி-25இலும் சி-47இலும் பறந்த விமானிகளுக்காக ஃபிட்ஸும் ஜோன்ஸும் 1947இல் கேட்டதும் இதைத்தான்.